சனிக்கிழமை ஒன்பது மணி

லண்டன்
4.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். போன ஞாயிறு இரவு நீ போன் செய்தபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. காய்ச்சலோ என்று பயந்துவிட்டாய். மராத்தான் ஓடுகிறவர்களுக்காகக் காலையிலிருந்து தெருவில் நின்று கத்திக் கட்டிப்போன தொண்டை அது. முன்பின் தெரியாதவர்களுக்காக ஏன் அப்படிக் கத்த வேண்டும் என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை யாரோடும் பேச்சு இருக்காது. விடுமுறை நாட்கள் இன்னும் மோசம். அப்போதுதான் அலுவலகத் தோழி ஒருத்தி, சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பூங்காவுக்கு வரச் சொன்னாள். பார்க்ரன் என்று பெயர். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹெவிட் என்பவர் தொடங்கியது. முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர்தான். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. 5 கிலோமீட்டர் தூரம், கட்டணம் கிடையாது. ஒரு முறை பெயரைப் பதிந்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். வழி காட்டுவது, நேரம் குறிப்பது எல்லாம் தன்னார்வலர்கள்.

முதல் நாள் பாதித் தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது, நடக்க ஆரம்பித்தேன். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் பளிச்சென்ற மேலங்கி அணிந்த ஓர் அம்மாள் மட்டும் வந்துகொண்டிருந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். "கடைசியில் வருவதுதான் இன்றைக்கு என் வேலை. அதனால் உன்னால் கடைசியாக வரவே முடியாது" என்றார். அம்மா, இந்த ஊருக்கு வந்த நான்கு மாதத்தில் ஒருவர் என்னோடு அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான். வாராவாரம் ஒவ்வொரு பூங்காவிலும் அப்படி ஒருவரைக் கடைசியில் நடக்க வைக்கிறார்கள். அந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அந்தச் சனிக்கிழமையின் விசுவரூபம்தான் லண்டன் மராத்தான். இந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று நடந்தது. குலுக்கலில் இடம் கேட்டு 8.4 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓடி முடித்தவர்கள் 56,640 பேர். கிரீனிச் பக்கம் தொடங்கி, கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலைச் சுற்றி, டவர் பிரிட்ஜைக் கடந்து, தேம்ஸ் கரை வழியாக பக்கிங்ஹாம் அரண்மனை அருகே முடிகிறது. அதென்ன 42.195 கிலோமீட்டர், முழு எண்ணாக வைக்கக் கூடாதா என்று தம்பி கேட்டானாமே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து புறப்பட்டு மைதானத்தில் அரச குடும்பத்தார் இருக்கைக்கு எதிரே முடிந்த ஓட்டத்தின் அளவு அது என்று சொல்.

என்னோடு நடந்த அம்மாளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது. வயது 63. எனக்கு, டவர் பிரிட்ஜுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் தண்ணீர் கொடுக்கும் வேலை. பாட்டிலை உள்ளங்கையில் நிறுத்திக் கையை நன்றாக நீட்ட வேண்டும். ஓடுகிறவர்கள் வேகம் குறையாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். முதலில் சக்கர நாற்காலி வீரர்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போனார்கள். பிறகு முன்னணிப் பெண்கள், அப்புறம் ஆண்கள். அன்று வென்ற கென்யாவின் சபாஸ்டியன் சாவே எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 2 நிமிடம் 27 விநாடி. கண்ணிமைப்பதற்குள் போய்விட்டார்கள்.

நாள் முழுக்க என் நெஞ்சை நிறைத்தது அவர்களுக்குப் பின்னால் வந்த கூட்டம்தான். பலர் ஏதேனும் ஓர் அறப்பணிக்குப் பணம் திரட்ட ஓடுகிறவர்கள். இறந்த தந்தையின் படத்தை முதுகில் குத்திக்கொண்டு ஒரு பையன் போனான். பனியனில் பெயர் எழுதியிருப்பதால் தெருவே பெயர் சொல்லி அழைக்கிறது. இத்தனை பேர் வாயால் தன் பெயரைக் கேட்ட ஒருவரின் முகம் மாறுவதை நீ பார்க்க வேண்டும், அம்மா. கத்தாமல் இருக்க முடியுமா?

1981இல் நடந்த முதல் லண்டன் மராத்தானில் முன்னால் வந்த அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் சிமொன்சனும் கைகோத்தபடி ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடந்தார்களாம். ஒரு பந்தயம் இதைவிட நன்றாகத் தொடங்கியிருக்க முடியாது.

வெயில் ஏறிவிட்டது. மேசைகளை மடிக்கத் தொடங்கினார்கள். நான் ஒரு பாட்டிலை மட்டும் தனியே எடுத்துவைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் தெரிந்தார். நடைதான். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பாதிக் குரல்தான் வந்தது. பாட்டிலைத் திறந்து கொடுத்து, சாலையோரமாகவே நூறடி கூட நடந்தேன். இருவரும் பேசவில்லை. இரவு எட்டரை மணிக்குப் பதக்கத்தோடு படம் அனுப்பியிருந்தார். நீ போன் செய்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து.

ஜூலையில் நீ இங்கே வரும்போது முழங்கால் வலிக்கும் என்று சொல்லாதே. பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங் தன் முதல் மராத்தானை இதே லண்டனில் 2000ஆம் ஆண்டு ஓடியபோது அவருக்கு வயது 89. உன்னை யாரும் ஓடச் சொல்லவில்லை. பூங்காவில் நடந்தே வருகிறவர்கள் நிறைய. உன் பெயரைப் பதிந்து பார்கோடையும் அச்சிட்டு வைத்துவிட்டேன். நீ வந்த முதல் சனிக்கிழமை கடைசியில் நடக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். கெட்டியான செருப்பு வேண்டாம், ஷூ வாங்கிக்கொண்டு வா.

அன்பு மகள்