கோதுமையை வியாழக்கிழமையே ஊறப்போடு

தாணே,
2025 செப்டம்பர் 14

அன்புள்ள மகனுக்கு,

அல்வா எப்படிப் பண்ணுவது என்று போனில் கேட்டாயே, அப்போது உன் பக்கம் பஸ் இரைச்சல், என் பக்கம் அடுப்பில் பால். நான் பாதிதான் சொன்னேன், அதிலும் பாதிதான் உனக்குக் கேட்டிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள்.

முதலில் நாள் கணக்கு. இந்த வருஷம் 22ஆம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் நம் புது வருஷம், ரோஷ் ஹஷானா, பிறக்கிறது. கோதுமை மூன்று நாள் ஊற வேண்டும். நடுவில் சனிக்கிழமை, நம் ஓய்வுநாள். சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள், ‘ஷனிவார் தேலி’ என்று கொங்கண் கரை முழுக்கப் பேர் வாங்கிய பெனே இஸ்ரேல் யூதப் பரம்பரை நாம். அன்றைக்கு மிக்ஸியைத் தொடாதே. ஆகவே வியாழக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டுவிடு. தினமும் தண்ணீர் மாற்று. அந்தச் சனிக்கிழமை தண்ணீரை மாற்றலாமா என்று அங்கே இஸ்ரேலில், உன் அஷ்தோதில், எந்த ரபியிடமும் (யூத குருவிடமும்) போய்க் கேட்டு வைக்காதே. நாம் முழு யூதர்கள்தானா என்றே அங்கே வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றமே ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அல்வா கணக்கையாவது நம் கையில் வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை அரைத்து மெல்லிய துணியில் பிழி. சக்கையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பிழி. அந்தப் பாலை ராத்திரி முழுக்க ஆடாமல் அசையாமல் வை. காலையில் மேலே புளித்த தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை மெதுவாகச் சாய்த்துக் கொட்டினால், அடியில் வெள்ளையாக, விரல் வைத்தால் தடம் விழுகிற மாதிரி இறுகி இருக்கும். அதுதான் சீக். தேங்காய்ப்பாலில் கரைத்து, சர்க்கரை போட்டு, சின்னத் தீயில் கிளறு. கையை எடுக்கவே கூடாது. கஞ்சி மாதிரி கொதிக்கும், அப்புறம் களி மாதிரி இறுகும், கடைசியில் கடாய் ஓரத்தை விட்டு அகப்பையோடு சுருண்டு வரும். அதுவரைக்கும் தோள் வலிக்கத்தான் வலிக்கும். ரோஜா நிறம் ஒரு துளி, ஏலக்காய், தட்டில் கொட்டி மேலே பாதாம், பிஸ்தா. மாட்டுப்பால் மட்டும் விடாதே. பண்டிகை ராத்திரி கறிச் சாப்பாட்டுக்கு மேல் தின்கிற அல்வா, கறியோடு பால் சேராது.

உன் அத்தை இப்போதெல்லாம் சைனா கிராஸில்தான் பண்ணுகிறாள். அரை மணியில் வேலை முடிந்துவிடுகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள். எனக்குத் தெரிகிறது. அவள் அல்வா வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சீக் அல்வாவைக் கொஞ்சம் மெல்ல வேண்டும். இதை அத்தையிடம் சொல்லித் தொலைக்காதே.

புது வருஷத்துக்கு முந்தின எலூல் மாதம் பிறந்ததிலிருந்து அப்பா விடியுமுன் எழுந்து ஜெபஆலயத்துக்கு, செலிஹோத் என்கிற மன்னிப்பு ஜெபத்துக்குப் போகிறார். மழை இன்னும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்தான் இருந்தார்களாம். பத்தாவது ஆண் வந்தால்தானே ஜெபம். ஒருவரைப் போன் போட்டு எழுப்பியிருக்கிறார்கள். மனுஷர் சட்டையின் உள்பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு வந்து நின்றாராம்.

பெண்கள் எங்களுக்கு அங்கே திரை வேலை. நம் வேதமான தோராவை வைக்கிற பேழையின் சிவப்புத் திரையை இறக்கிவிட்டு, இந்த நாட்களுக்கான வெள்ளைத் திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். பிரித்ததும் அந்துருண்டை வாசனை. மடிப்பில் மஞ்சள் கோடு, ஜரிகை எழுத்துகளில் பாதி கறுத்துவிட்டது. யாரோ தங்கள் அம்மா நினைவாகக் கொடுத்தது; அந்தக் குடும்பம் இஸ்ரேலுக்குப் போயே எத்தனையோ வருஷம். புது வெல்வெட் வாங்கிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியில் நூலைக் கோத்து ஓரத்தைத் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த வருஷத் தேதிகளைக் கவனித்தாயா? நமக்குப் புது வருஷம் பிறக்கிற அதே 22ஆம் தேதிதான் நவராத்திரியும் தொடங்குகிறது. ஜெபஆலயத்துக்குப் பக்கத்திலேயே டேம்பி நாக்காவில் தேவி வந்து உட்கார்ந்துவிடுவாள். 1879இலிருந்து நிற்கிற கட்டடம், எத்தனையோ மேளம் கேட்டிருக்கும். ஆனாலும் மறுநாள் ஷோஃபார் கொம்பை ஊதுகிறவருக்கு நல்ல மூச்சு வேண்டும்.

பாவமன்னிப்புக்காக நோன்பிருக்கிற யோம் கிப்பூர் அக்டோபர் 2, தசராவும் அன்றைக்கே. உன் ஆஜிப் பாட்டி அதை யோம் கிப்பூர் என்று சொன்னதே இல்லை. அவளுக்கு அது ‘தர்ஃபால்னிச்சா சண்’, கதவடைக்கும் பண்டிகை. வெள்ளைப் புடவை கட்டிக் கதவைச் சாத்தினால், பக்கத்து வீட்டாரோடுகூட ஒரு வார்த்தை பேச மாட்டாள். எதிர்வீட்டு மாவ்ஷி தசரா அன்று ஆத்தி இலையை ‘தங்கம்’ என்று வீடு வீடாகக் கொடுப்பாளே, இந்தத் தடவை நம் கதவு சாத்தியிருக்கும் என்று முன்கூட்டியே போய்ச் சொன்னேன். “அதனாலென்ன, தங்கம் ஒரு நாளில் வாடியா போகும்” என்றாள். மறுநாள் ‘ஷிளா சண்’. ஆஜி காலத்தில் அன்றைக்குத்தான் தானம் கொடுப்பார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். நானும் அல்வாத் தட்டோடு போய் அவள் தங்கத்தை வாங்கிக்கொள்வேன்.

அடுத்து வருகிற சுக்கோத் பண்டிகைப் பந்தலுக்குத் தென்னங்கீற்று சொல்லியாகிவிட்டது. தோராவைக் கொண்டாடி ஆடுகிற சிம்ஹத் தோராவுக்கு நீ இஸ்ரேலில் அக்டோபர் 14ஆம் தேதியே ஆடி முடித்துவிடுவாய், இங்கே எங்களுக்கு 15. யோம் கிப்பூர் நோன்பு அன்று சாயங்காலம் நாங்கள் சாப்பிட உட்காரும்போது உனக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருக்கும். அதனால் நான் போன் பண்ண மாட்டேன், சாப்பிட்டுவிட்டு நீயே பண்ணு.

திங்கட்கிழமை காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டுமுன் ஒரு படம் எடுத்து அனுப்பு. கலங்கலாக இருந்தால் கொட்டாதே, இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்.

அம்மா