எல்லாமே ‘கடுமை’தானா?

சிங்கப்பூரில் பொது அறிவிப்புகளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்குக் கையில் கரப்பான் என்ற தோல் நோய். மருந்தகம் ஒன்றில் கொடுத்த தமிழ்த் தாளில் ‘கடுமையான சோப்பைத் தவிர்க்கவும்’ என்று இருந்தது. அம்மா அதைக் கட்டி சோப்பு என்று எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேக்கா சந்தைக்குப் போய் வாசனை தூக்கலான திரவ சோப்பு வாங்கி வந்தார். இரண்டே வாரத்தில் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஆங்கிலத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கடுமையான’ என்ற இடத்தில் ‘ஹார்ஷ்’ (harsh) என்றிருந்தது. ‘தோலை வறட்டி எரிச்சல் தரும் சோப்பு வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் அம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

ஹார்ஷ் முதலில் கைக்குச் சொரசொரப்பாகப் படுவதைக் குறித்த சொல். அப்புறம்தான் அது காதுக்கும் நாக்குக்கும் மனத்துக்கும் போனது. ஆங்கிலத்தில் ஹார்ஷ் என்று சொல்லும் இடங்களில் நாமோ குரல் கரகரக்கிறது என்போம், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்போம், மனத்தைப் புண்படுத்தும் பேச்சைச் சுடுசொல் என்போம். வீட்டில் இயல்பாக வரும் இந்தச் சொற்கள் அறிவிப்புத் தாளில் மட்டும் ஏன் காணாமல் போகின்றன?

இதைவிட என்னை உறுத்துவது சட்டம் பற்றிய செய்திகள். ஹார்ஷ் என்ற சொல்லுக்குள்ளேயே ‘இது அளவு மீறியது’ என்ற குறை இருக்கிறது. ஸ்ட்ரிக்ட் என்பதில் அது இல்லை. 1992இல் சூயிங்கம் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் இங்கே தடை வந்தது. அதை ஒருவர் ஹார்ஷ் என்று குறை சொன்னாலும் தமிழில் ‘கடுமையான சட்டம்’. இன்னொருவர் ஸ்ட்ரிக்ட், ஆனால் தேவை என்று ஆதரித்தாலும் அதே ‘கடுமையான சட்டம்’. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தமிழில் படிப்பவருக்கு மட்டும் தெரியாமல் போகிறது. முன்னவருக்கு ‘அளவுக்கு மீறிய’, பின்னவருக்கு ‘கண்டிப்பான’ என்று எழுதலாமே. கறார் என்ற சொல்கூட எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடுமை எப்போதும் குறைச்சொல்லும் இல்லை. ‘கடுமையாக உழைத்தார்’ என்று பாராட்டத்தானே செய்கிறோம்?

உங்கள் வேலைப் பளுவும் அவசரமும் எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தாளை நம்பித்தான் மருந்து சாப்பிடுகிறார்கள், அபராதம் கட்டுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் அப்படி ஒரு பெரியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என் அம்மா வருவார். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து ஒரு மகள்