நம்ம நடைக்குழு ஆண்டறிக்கை, செயலாளர் எழுதினது

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல அறிக்கை படிக்க ஆரம்பிச்சாலே பாதிப் பேர் டீ பக்கம் போயிடறதால இந்த வருஷம் எழுதியே குரூப்ல போட்டுடுங்கன்னு தலைவர் அண்ணா சொன்னாரு, போட்டாச்சு.

மாசாந்திர நடை நடந்துச்சு, மழைக்கு கேன்சல் ஆனது போக. பொங்கல் நல்லபடியா முடிஞ்சுது. கோடைல பார்பிக்யூ. கமிட்டி கோரம் இருந்தப்ப கூடுச்சு.

அடுத்து வார்த்தைப் புக்லெட். இது என்னோட சொந்த ஆசைன்னு இப்ப பேசுறவங்க போன பொதுக்குழு மினிட்ஸ எடுத்துப் பாருங்க, கை தூக்கி பாஸ் பண்ணதுதான். நாம தென் இங்கிலாந்துல நடக்குறது முக்காவாசி ஹீத்துங்கிற குட்டைப் புதர் மண்டின நிலத்துல, சோபம் காமன், தர்ஸ்லி, ஹெட்லின்னு, அதனால அந்த நிலத்தைப் பத்தின பழைய இங்கிலீஷ் வார்த்தைங்களோட அர்த்தம், வந்த வழி எல்லாம் தமிழ்ல எழுதி வைக்கலாம், ஆளுக்கு அஞ்சு வார்த்தைன்னு பிரிச்சுக் கொடுத்தோம். ஹீத்துன்னா முல்லையா பாலையான்னு வாட்ஸ்அப்ல ரெண்டு நாள் சண்டை போட யாருக்கும் நேரப் பஞ்சம் இல்ல, அஞ்சு வார்த்தை மட்டும் வரவே இல்ல. கடைசில மொத்தமும் நானும் இன்னொரு அக்காவும்தான் எழுதினோம்.

நடைக்குழுவுக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்டவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்மள்ல நிறையப் பேர் இந்த நாட்டுல கால் வச்ச இடமே ஒரு ஹீத்தோட ஓரம்தான். ஹீத்ரோவை 1410 வாக்குல லா ஹெதெரூன்னு எழுதி வச்சிருக்காங்க, ஹீத்து ஓரமா வரிசையா இருந்த வீடுங்க, அந்த ஊரை 1944ல விமான நிலையத்துக்காக இடிச்சுட்டாங்க. ஹெட்லின்னா ஹீத்துச் செடி மண்டின வெட்டவெளி. லண்டன் ப்ராம்லி (Bromley) 862லயே ஏட்டுல இருக்கு, ப்ரூம் செடி முளைச்ச இடம். ப்ரூம்ங்கிறது முதல்ல செடி, அதுல கட்டினதாலதான் விளக்குமாத்துக்கும் அதே பேர் வந்துச்சு. ஹைண்ட்ஹெட் பக்கம் விளக்குமாறு கட்டிப் பொழைச்சவங்களுக்கு ப்ரூம்ஸ்க்வையர்னே பேரு, பண்ணையாருக்குச் சொல்ற ஸ்க்வையர் பட்டத்தை இவங்களுக்கு வச்சவன் குசும்புக்காரனாத்தான் இருக்கணும்.

கோர்ஸ், ஃபர்ஸ், வின் மூணும் ஒரே முள்ளுச் செடிதான், முதல் ரெண்டும் பழைய இங்கிலீஷ், வின் அனேகமா வடக்க வைக்கிங்குங்களோட வந்தது. ஹீத்துச் செடிக்கே இன்னொரு பேரான லிங், அந்த வைக்கிங்குங்களோட நார்ஸ் மொழில இருந்து வந்தது. அதே செடியைச் சொல்ற ஹெதர்ங்கிறது ஹீத்துல இருந்து பொறந்த வார்த்தைன்னு எல்லாரும் நினைக்கிறோம், ஆனா ஸ்காட்லாந்து பக்கம் ஹதர்னு இருந்ததை ஹீத்து மாதிரி இருக்கட்டும்னு பின்னாடி எழுத்து மாத்திட்டாங்க, அதோட வேர் என்னன்னு இன்னும் முடிவாகல. கிறிஸ்தவர் அல்லாதவங்களைச் சொல்ற ஹீதன்கிற வார்த்தைக்கு ஹீத்துல வாழுறவன்னு பழைய விளக்கம் ஒண்ணு இருக்கு, எல்லா அறிஞர்களும் அதை ஒத்துக்கல. தர்ஸ்லி மட்டும் துனோர்ங்கிற பழைய இடிச் சாமியோட தோப்பு.

லண்டன் ப்ளாக்ஹீத்துல கொள்ளைநோய்ல செத்தவங்களைப் புதைச்சதாலதான் அந்தப் பேர்னு குரூப்ல ஒருத்தர் அடிச்சுச் சொன்னாரு, இருபது லைக் வேற. கொள்ளைநோய் இங்க வந்தது 1348ல. 1166லயே அந்தப் பேர் பதிவாகியிருக்கு, கருப்பான ஹீத்து, அவ்ளோதான். இதை நான் போட்டப்ப ஒரு லைக்கும் விழல.

இந்த வார்த்தைங்களை உண்டாக்கினது அந்த நிலத்துலயே பொழைச்ச சனங்க. அடுப்புக்கு கோர்ஸ், மாட்டுக்குக் கீழ விரிக்க ப்ராக்கன்கிற பெரணி, எரிக்க டர்ஃப்னு வேரோட வெட்டின மண்கட்டி, டர்ஃப் வெட்டுற உரிமைக்கு டர்பரின்னு தனிப் பேர். வெட்டவும் மேய்க்கவும் ஆள் இல்லாம போனதும் பைன் மரமும் பர்ச் மரமும் ஏறி ஹீத்து காடாகுது, மிச்சத்துல வீடும் பயிரும். 1800க்கு அப்புறம் இந்த நாட்டுல தாழ்நில ஹீத்து 80 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. அதனாலதான் குளிர்காலத்துல பைன் கன்னு புடுங்குற வாலண்டியர் வேலைக்குப் பேர் கொடுத்தோம். பட்டியல்ல பதினஞ்சு பேர், காலைல கார் பார்க்ல நின்னது நாலு பேர். கோர்ஸ் முள்ளு தோல் கிளவுஸையும் தாண்டி விரல்ல ஏறும், பைன் கன்னு வேரோட வரணும்னா ரெண்டு கையால ஆட்டி ஆட்டித்தான் இழுக்கணும். வராதவங்க லீவ் லெட்டர் கொடுக்க வேணாம், ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்.

வரவு செலவு: போன வருஷ மிச்சம், சந்தா, பொங்கல் ஸ்பான்சர் எல்லாம் சேர்த்து செலவு போக கையில கொஞ்சம் இருக்கு, விவரம் பொருளாளர்கிட்ட. புக்லெட் பிரிண்டிங் பட்ஜெட்டைத் தாண்டுச்சுன்னு சொல்றாங்க, தாண்டுச்சுதான், ஆனா மூணுல ஒரு பங்கு பேர் சந்தாவே கட்டலங்கிறதும் அதே கணக்குல இருக்கு. பேர் போட வேணாம்னு கமிட்டி முடிவு.

ஹால் கொடுத்த சர்ச்சுக்கும், சுண்டல் கொண்டு வந்த அக்காக்களுக்கும், கார் ஷேர் பண்ணவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பறவைப் பேருங்களை எடுக்கலாம்னு இருக்கோம், நைட்ஜாருக்கு ஃபெர்ன் அவுல்னு ஒரு பழைய பேர் உண்டு, டார்ட்ஃபோர்ட் வார்ப்ளருக்கு ஃபர்ஸ் ரென். இதுங்க எல்லாம் தரையிலயும் புதர் அடியிலயும் கூடு கட்டுறதால மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும் நாய் கூட்டிட்டு வர்றவங்க கயிறு போட்டே கூட்டிட்டு வாங்க. யார் எடுத்து நடத்துவாங்கங்கிறதுதான் கேள்வி, எனக்கு வீட்டுல வேலை ஜாஸ்தி, முட்டியும் முன்ன மாதிரி இல்ல. செயலாளர் பதவிக்கு நாமினேஷன் ஃபார்ம் என்கிட்டதான் இருக்கு, இதுவரைக்கும் யாரும் கேட்டு வாங்கல. சந்தா பாக்கி இருந்தா நிக்க முடியாதுன்னு விதி இருக்கு, மறந்துடாதீங்க.

இப்படிக்கு,
செயலாளர்