ஸ்கேன் கோப்புகளும் பொதுவில் வரட்டும்

ஆசிரியருக்கு,

அருங்காட்சியக ஜாடியில் பதப்படுத்தி வைத்த தவளையை அறுக்காமலே, அதன் மண்டையோட்டையும் வயிற்றில் கிடக்கும் இரையையும் சிடி ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரை வெளியாகும்போது நம் கைக்கு வருவது நாலைந்து படங்கள்தான். மூலக் கோப்புகள் யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகின்றன. கட்டுரையில் வரும் 'கேட்டால் தருவோம்' என்ற வரியை நம்பி மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்குத் தெரியும் அந்தக் கதை.

மரபணு வரிசை என்றால் ஜென்பாங்க் போன்ற பொதுத் தளத்தில் போட்டுவிட்டு வரும்படி இதழ்கள் கேட்கின்றன. ஸ்கேனில் கிடைக்கும் முப்பரிமாணத் தரவுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். போட இடமில்லை என்று சொல்ல முடியாது. இத்தகைய கோப்புகளுக்கென்றே டியூக் பல்கலைக்கழகத்தின் மார்ஃபோசோர்ஸ் தளம் 2013 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் ஓவெர்ட் திட்டம் 13,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பி மாதிரிகளை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது.

ஸ்கேனிலிருந்து கணினியில் உருவாக்கிய வழவழப்பான மேற்பரப்பு வடிவத்தை மட்டும் ஏற்றிவிட்டுக் கைகழுவுவதும் சரியில்லை. எலும்பு எங்கே முடிகிறது என்பதை அந்த வடிவத்தை உருவாக்கியவரே தீர்மானித்திருப்பார். சரிபார்க்க, ஸ்கேனர் அடுக்கடுக்காகத் தரும் மூலக் குறுக்குவெட்டுப் படங்கள் வேண்டும். வோக்சல் (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணப் புள்ளி) அளவு குறிப்பிடாத அடுக்குப் படங்களை வைத்துப் பல்லின் நீளத்தைக்கூட அளக்க முடியாது.

கோப்புகள் பெரியவை, சேமிக்கச் செலவாகும், சரி. அந்தச் செலவை ஆராய்ச்சி நிதி கேட்கும்போதே கணக்கில் எழுதிவிடலாமே!

- ஒரு வாசகர்