அந்தத் தாலாட்டைப் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அக்கா

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை ஒரு விழாக் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. தொடரில் நீ நடித்து என் குரலில் ஒலித்த அந்தத் தாலாட்டுக் காட்சி ஒளிபரப்பாகி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதாம். பழைய சின்னத்திரைக் கலைஞர்களை அழைத்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். திரையில் காட்சி ஓடும்போது நான் மேடையில் நின்று நேரடியாகப் பாட வேண்டும் என்றார்கள். அக்காவை அழைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அவர்கள்தான் திரையிலேயே வருகிறார்களே" என்றார் பேசியவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் குறுஞ்செய்திகளை நீ திறப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

இதை வேறு பலரும் படிப்பார்கள். அந்த யூனிட்டில் இருந்தவர்களும் அதில் உண்டு. அதனால் தொடரின் பெயரோ யாருடைய பெயரோ இங்கே வராது. நீ ஏன் விலகினாய் என்பதையும் எழுதப் போவதில்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெரிய வேண்டிய இன்னும் மூன்று பேருக்குத் தெரியும். அது போதும்.

ஆனால் ஒன்றை எல்லோரும் கேட்கும்படியே சொல்கிறேன். அந்தக் காட்சியை இன்று கைப்பேசியில் பார்க்கிறவர்களுக்கு உன்னை 'அம்மா வேடக்காரி' என்றுதான் தெரிகிறது. நீ பாடகி. முதலில் பாடகி, பிறகுதான் நடிகை. சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் நிலையத்தில் மெல்லிசைப் பாட நீ நுழைந்தபோது, தமிழ்நாட்டில் வீட்டுக்குள் தெரிந்தது அந்த ஒரு நிலையம்தான். பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றில் பாட்டு வாத்தியாரின் மகளாக நடிக்கப் பாடத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடியபோது உன்னைக் கண்டுபிடித்தார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி. அந்தப் பாட்டை நீயே பாடினாய், உன் வசனத்தை நீயே பேசினாய். மறுநாள் காலையில் பால் வாங்கப் போன என்னிடம் தெருவே உன்னைப் பற்றித்தான் பேசியது.

1993-இல் சன் டிவி வந்தது. 1999-இல் ராதிகாவின் 'சித்தி' வந்த பிறகு நாள்தோறும் தொடர் என்பதே வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்று என்றிருந்த வேலை வாரத்துக்கு ஐந்து ஆனது. உனக்கும் வேலை பெருகியது. எட்டுப் புடவைகளை இஸ்திரி போட்டு, எந்தக் காட்சிக்கு எது என்று சீட்டு எழுதிச் செருகி, அந்த நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளசரவாக்கம் ஷூட்டிங் வீடுகளுக்கு நீ போன காலம் அது. புடவை நம்முடையதுதான், அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

இதற்கு நடுவில் நீ பாடிய ட்ராக்குகளை யாருமே அறியமாட்டார்கள். பெரிய பாடகிக்கு நேரமில்லாத நாளில் வேறொரு பெண்ணைப் பாடவைத்துப் பாட்டைப் பதிவு செய்வார்கள். பெரிய பாடகி வந்ததும் அந்தக் குரலைக் காதில் கேட்டு, வளைவு நெளிவுகளைப் பிடித்துக்கொண்டு பாடுவார். பிறகு ட்ராக்கை அழித்துவிடுவார்கள். இப்படி எத்தனை பாட்டு நீ பாடினாய் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பாட்டு வானொலியில் வரும்போது நீ அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்று கேட்பாய். உன் சங்கதி, நீ போட்ட வளைவு ஏதாவது ஒன்று அதில் தங்கியிருக்கிறதா என்று தேடுவாய். தங்கியிருந்தால் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டுவாய். அவ்வளவுதான் உனக்குக் கிடைத்த பெயர்.

அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் அதைச் செய்தேன்.

வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நடித்துவிட்டு, குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பது அன்று பெரும்பாலான தொடர்களில் நடந்ததுதான். அந்தத் தொடரில் உன் குரலில் கனம் அதிகம், அம்மா வேடத்துக்கு ஒட்டவில்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். என்னைப் பரிந்துரைத்தது நீதான். "வெளியாள் எதற்கு, என் தங்கை பேசட்டும்" என்றாய். அதை நான் மறக்கவில்லை. வசனம் பேசியதில் நம் இருவருக்கும் மனக்கசப்பு எதுவும் இருந்ததில்லை. தாலாட்டில்தான் வந்தது.

சாலிகிராமத்தில் அந்தச் சின்ன டப்பிங் தியேட்டர். மறுநாள் இரவு ஒளிபரப்பு. காகிதத்தில் 'அம்மா தாலாட்டுகிறாள்' என்று ஒரே வரிதான் இருந்தது, பாட்டு எழுதித் தரவில்லை. செட்டில் நீ பாட்டியின் தாலாட்டையே பாடியிருந்தாய். நீலாம்பரி ராகத்தில் தொடங்கி வேறு எங்கோ போய்த் திரும்புமே, அதை. டப்பிங்குக்கு வழிகாட்டியாகச் செட்டிலேயே பிடிக்கும் பைலட் ஒலியில் அது பதிவாகியிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினேன். ஜெனரேட்டர் இரைச்சல், ஒரு காகம், உதவி இயக்குநர் ஏதோ கிசுகிசுக்கும் சத்தம். இவ்வளவுக்கும் அடியில் உன் குரல்.

அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். வேறொரு படப்பிடிப்பிலிருந்து நேராக வந்திருந்தாய், முகத்தில் மேக்கப் அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் அருகில் நின்றாய். இதை மட்டும் நானே பாடிவிடுகிறேனே என்று நீ கேட்பது உன் உதட்டசைவிலேயே தெரிந்தது. அவர் கடிகாரத்தைக் காட்டினார். குரல் மாறினால் தெரிந்துவிடும் என்றார் போலிருக்கிறது. பிறகு மைக்கை அழுத்தி என்னிடம் கேட்டார்: "நீங்கள் பாடுவீர்களா?"

"பாடுவேன்" என்றேன்.

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு டேக் போனது. அவ்வளவு நேரமும் நீ அந்த நீலப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. நான் வெளியே வந்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. முடியாது என்று சொன்னால் அடுத்த வாரம் வேறு குரலை வைத்துவிடுவார்கள். இந்தக் காரணத்தைத்தான் இருபது ஆண்டுகளாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்குப் பாட ஆசையாக இருந்தது, அக்கா. பத்து ஆண்டுகள் உன்னோடு கச்சேரிகளுக்கு வந்தேன். கோரஸ் பாடினேன், ஹம்மிங் கொடுத்தேன், உன் தண்ணீர் பாட்டிலைச் சுமந்தேன். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சரணமாவது என்னிடம் விட்டிருக்கிறாயா? "இன்னும் பழக வேண்டும்" என்பாய். முப்பது வயது வரை பழகிக்கொண்டே இருந்தேன். அன்று அந்த மைக்குக்கு முன்னால் நின்றபோது என்னைத் தடுக்க நீ இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாய். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

நீ விலகிய பிறகு நடந்ததையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டாய். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு நாள் திரையில் எழுத்து ஓடியது. உன் படம் ஒரு பக்கம், புது நடிகையின் படம் மறுபக்கம். மறுநாளிலிருந்து அவர் முகத்துக்கும் நானே பேசினேன். குரல் மாறாததால் ஜனங்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். நீ இல்லாமலேயே அந்த அம்மா உயிரோடிருந்தாள் என்றால் அதற்கு நான்தான் காரணம் என்று மாமாவிடம் சொன்னாயாம். சரி. அந்த மாதம் அப்பாவின் மருந்துக்குப் போன பணம் எது? நான் பேசிய பணம். நீ வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்கு மாதமும் அரிசியும் வாடகையும் அதிலிருந்துதான் வந்தன. சாப்பிட்டபோது ஒன்றும் சொல்லவில்லையே நீ.

இதை எழுதியிருக்கக் கூடாதுதான். இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

அப்பாவின் காரியத்தன்று நீ எனக்கு எதிரே உட்கார்ந்து என் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாய். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அவனுக்குக் காரம் பிடிக்காது என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருந்தது. ரசத்தை வைத்துவிட்டு மோர் ஊற்றிப் பிசைந்தாய்.

தொலைபேசியை வைத்த அன்று இரவு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். ஆண்டுக்கணக்காக அதைப் பார்க்காமல் தவிர்த்து வந்தவள் நான். பார்த்த பிறகு உனக்குச் சொல்ல வேறொன்று இருப்பது தெரிந்தது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அன்று பைலட்டில் மூன்றாவது வரியில் உன் சுருதி இறங்கியது. அரைக் கட்டைக்கும் அதிகமாகவே இறங்கியது. களைப்பில் இறங்கிவிட்டாய், நாளெல்லாம் படப்பிடிப்பில் நின்றவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். மற்ற எல்லா இடத்திலும் உன்னை அப்படியே பின்தொடர்ந்தேன். நீ மூச்சு எடுத்த இடத்தில் மூச்சு எடுத்தேன், நீ இழுத்ததை இழுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் சரிசெய்து, ஐந்து கட்டையில் நேராக நிறுத்திப் பாடினேன். ஒலிப்பதிவாளர் பாராட்டினார். எனக்கு உள்ளூரப் பெருமை. அக்காவின் தவறை நான் திருத்திவிட்டேன் என்ற பெருமை.

திரையில் பார்த்தால், அந்த வரியில்தான் குழந்தையின் கை உன் சங்கிலியை விடுகிறது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, கை உன் புடவை மடிப்பில் சரிகிறது. ஏழெட்டு மாதக் குழந்தைக்கு நடிக்கத் தெரியாது. அது உண்மையாகவே தூங்கிவிட்டது. நீ குனிந்து அதன் முகத்தைப் பார்க்கிறாய். உன் உதடுகள் மெல்ல மூடிக்கொண்டே வருகின்றன. தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்று பாட்டை நீயே இறக்கிக்கொண்டு போகிறாய். உதவி இயக்குநர் கிசுகிசுத்தது 'தூங்கிவிட்டது' என்றுதான் என்பது, முகத்தைப் பார்த்துக்கொண்டு நினைவில் தேடியபோதுதான் பிடிபட்டது. என் குரல் மட்டும் அங்கே இறங்காமல் கணீரென்று நிற்கிறது. தூங்கிவிட்ட குழந்தைக்கு முன்னால்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நான்கு டேக்கிலும் நீ அதைக் கேட்டிருக்கிறாய்.