பொது இடம் என்றால் யாருக்குப் பொது?

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே ராலேயில் எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து தேசியப் போட்டி எங்கே நடக்கிறது என்று நான் புலம்பியதற்கு, "இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில்தானே ஆடுகிறார்கள், இதில் என்ன அநியாயம்?" என்று கேட்டிருக்கிறாய். கனெக்டிகட்டில் உட்கார்ந்துகொண்டு நீ இதைக் கேட்கலாமா? 2022 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் என்.சி. ஸ்டேட்டின் பெண்கள் அணி, சீசன் ஆட்டத்தை வைத்துத் தரும் தரவரிசையில் முதல்நிலை; உங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழகம் யூகான் இரண்டாம் நிலை. கடைசி நான்கு அணிகளுக்குள் போகும் ஆட்டம் உங்கள் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில்! யூகான் இருக்கும் ஸ்டோர்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் அரங்கம் முழுக்க நீலம், ஓரத்தில் குங்குமப் பொட்டு மாதிரி எங்கள் சிவப்பு. முதல் கூடுதல் நேரம் முடிய ஒரு நொடிகூட இல்லாதபோது எங்கள் ஜகியா பிரவுன்-டர்னர் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தாள். சோபாவிலிருந்து நான் குதித்த குதியில்தான் இந்த முழங்காலே போயிற்று. கடைசியில் 91-87 என்று யூகான் ஜெயித்தது. உங்கள் பேஜ் பியூக்கர்ஸ் 27 புள்ளி எடுத்தாள், பிரமாதமாக ஆடினாள், அதை மறுக்கவில்லை.

ஆண்கள் போட்டியில் சொந்த அரங்கில் ஆடக் கூடாது என்பதுதான் விதி. 1986இல் பதினோராம் நிலையில் இருந்த லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யூ.) முதல் இரண்டு சுற்றைத் தன் அரங்கிலேயே ஆடிக் கடைசி நான்கு வரை போனது. அப்புறம் சில வருஷத்தில் அந்தக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் பக்கத்து ஊருக்குத் தடை இல்லையே! 2025இல் முதல்நிலை ஹூஸ்டன், நான்காம் நிலை பர்டியூவோடு, பர்டியூ இருக்கும் அதே இண்டியானா மாநிலத்து இண்டியானாபொலிஸில் மோதியது. பர்டியூ ரசிகர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். ஹூஸ்டன் 62-60 என்று தப்பித்துவிட்டதால் பேச்சு அடங்கிவிட்டது. தோற்றிருந்தால்?

இடங்களைப் பல வருஷம் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள், அதனால் சதி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெண்கள் போட்டியில் முதல் இரண்டு சுற்றுகளை மேல்வரிசை 16 அணிகள் சொந்த ஊரிலேயே ஆடுகின்றன. அது சீசன் முழுக்க ஆடிச் சம்பாதித்த சலுகை, ஒளிவுமறைவும் இல்லை. சம்பாதித்தவனை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, கீழே இருப்பவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அதற்குப் 'பொது இடம்' என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, மே மாதம் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. அந்த நீலத் தொப்பியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
சேகர்