அமுக்கத்தைத் தாங்குவது கற்பாறையே

ஆசிரியர் அவர்களுக்கு,

மகாவலி நீரை வடக்கிற்குக் கொண்டுவருவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, நீர்ச் சுரங்கங்களில் கசிவு ஏற்படுவதற்குக் கொங்கிறீற்று உட்சுவரின் தடிப்புப் போதாமையே காரணம் என்று கூறியிருந்தது. குளத்து வேலைகளிலும் வாய்க்கால் வேலைகளிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதனைத் திருத்த வேண்டியவனாகிறேன்.

நீர் நிறைந்து அமுக்கத்தோடு ஓடும் சுரங்கத்தில் வளையம் போன்ற கொங்கிறீற்று உட்சுவர் இழுவிசைக்கு உட்பட்டு, அதில் வெடிப்பு விழும். தடிப்பைக் கூட்டினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. அமுக்கத்தை உண்மையில் ஏற்பது சுற்றியுள்ள கற்பாறையாகும். பாறையில் இயற்கையாக உள்ள தகைப்பு, அதாவது அதனை உள்ளே நெருக்கிப் பிடித்திருக்கும் அமுக்கம், திசைக்குத் திசை வேறுபடும். அவற்றுள் மிகக் குறைந்ததை நீரின் அமுக்கம் மிஞ்சினால், பாறையின் வெடிப்புகள் விரிந்து நீர் வெளியே பாயும். கற்பாறை நீரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு பாரமானது. ஆகையால் 100 மீற்றர் நீருயரத்தின் அமுக்கத்தைச் சமன்செய்ய ஏறக்குறைய 37 மீற்றர் பாறை மேலே இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக அதனை 1.3 மடங்காக்கினால் (காப்புக் காரணி) 48 மீற்றர். இது சமதரைக்குரிய கணக்கு. மலைச்சரிவில், சுரங்கத்திலிருந்து சரிவின் மேற்பரப்பு வரையுள்ள பக்கவாட்டுத் தூரத்தையும் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கை அண்டிய இடங்களில் அது போதாமற்போனால் உருக்குக் குழாய் இட வேண்டியிருக்கும். அந்தக் குழாயும், சுரங்கத்தை வெறுமையாக்கும்போது வெளியிலுள்ள நிலத்தடி நீரின் அமுக்கத்தால் உள்நோக்கி நசியாதிருக்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும்.

மலைநாட்டில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் நேர்ந்தது இதற்கு எதிர்த்திசையிலான கசிவு. 2014 இன் இறுதியில், தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பாய்ந்ததால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. பாறைப் பிளவுகளை முன்னரே துளையிட்டு அறிந்து, சுரங்கம் தோண்டும் இயந்திரம் அங்கு சேருமுன் சீமெந்துக் கரைசலை அமுக்கத்தோடு செலுத்தி அடைப்பதே அதற்குரிய வழி. நீர் புகுந்த பின்னர் அடைப்பது பன்மடங்கு கடினம்.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்து நீர் போதாதென்று விதைக்கும் ஏக்கர்க் கணக்கு குறைக்கப்படும்போது ஏற்படும் வேதனையை வன்னி விவசாயி நன்கறிவான். மகாவலி நீர் எமக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்காக மலைநாட்டில் இன்னொரு குடும்பத்தின் கிணறு வற்றக்கூடாது. ஆகவே, எந்தச் சுரங்கத்திற்கும் கேள்விப்பத்திரம் கோரப்படுமுன், பாறை எவ்வளவு நீரைக் கசியவிடும் என்றறியத் துளைகளில் செய்யப்பட்ட நீரமுக்கச் சோதனை முடிவுகளையும், சுரங்கப் பாதையிலுள்ள கிணறுகளின் ஓராண்டு நீர்மட்டப் பதிவுகளையும் மூன்று மொழிகளிலும் வெளியிடுமாறு உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.